ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும், சாவி வீட்டில் இருக்கட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "டீச்சர், உங்க வீட்டுல தம்பி சர்வர் வச்சிருக்கார்னு கேள்விப்பட்டேன். நானும் ஊர்ல அப்பா வீட்டுல ஒண்ணு வச்சிருக்கேன். கரண்ட் போனா நின்னுடுது. இங்கிருந்தே ஆன் பண்ற மாதிரி ஒரு கருவி வருது. அதை வாங்கிப் போட்டுட்டா அப்பாவைத் தொந்தரவு பண்ண வேணாம் இல்லையா?"

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி நல்லது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் அப்பாவை ஒதுக்கி வைப்பதற்காகப் போடாதீர்கள். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போடுங்கள். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

விஷயம் தெரியாத உறவினர்களுக்காக இரண்டு வரி. வீட்டு சர்வர் என்றால் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. அலுவலகங்களில் ஐந்தாறு வருடம் ஓடி, பழைய விலைக்கு வரும் சின்னக் கணினி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதில் ஒன்றிரண்டு ஹார்டு டிஸ்க் போட்டு, இரவு பகல் ஓடவிட்டு, குடும்பத்துப் படங்கள், வீடியோக்கள், பத்திரங்களின் நகல்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைப்பது. மாதச் சந்தா கட்டி அடுத்தவர் கம்பெனியில் வைப்பதற்குப் பதிலாக நம் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே அது இருக்கிறது. வீட்டுப் பத்திரம், பட்டா, எங்கள் இருவரின் ஓய்வூதியத் தாள்கள், என் மாமியார் பேசிய ஒரு கேசட்டின் பதிவு, உங்கள் எல்லாருடைய வகுப்புக் குழுப் படங்கள் அதில் இருக்கின்றன. படம் கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறீர்களே, அங்கிருந்துதான் எடுத்து அனுப்புகிறேன். இதை அமைத்த என் மகன் இருப்பது பிரான்சில். இங்கே காலை 6 மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே நள்ளிரவு 1.30.

நம் பக்கத்தில் இந்தக் கணினிக்கு முதல் எதிரி கரண்ட். 2011 டிசம்பர் 30 தானே புயல் உங்களுக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புயல் இல்லாத நாளிலும் கோடை மழை ஒன்று பெய்தால் போதும், கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் வந்ததும் மின்விசிறி தானாகச் சுற்றும், பிரிட்ஜ் தானாக ஓடும். கணினி மட்டும் யாராவது வந்து பொத்தானை அமுக்கும்வரை தூங்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என்ன செய்வான்? அதற்காக வந்ததுதான் இந்தக் கருவி.

கருவி என்ன செய்கிறது?

கணினிக்குப் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கு ஒரு கண், ஒரு கை, ஒரு விரல். கணினித் திரையில் தெரிய வேண்டியதை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகப் பார்ப்பது கண். யூஎஸ்பி வழியாக விசைப்பலகை, மவுஸ் போல நடிப்பது கை. கணினியின் பவர் பொத்தானுக்குப் போகும் ஒயரோடு இணைந்து, அமுக்கியது போலச் செய்வது விரல். இந்த மூன்றையும் இணையம் வழியாகப் பிள்ளை எங்கிருந்தாலும் இயக்கலாம். இதற்குக் கேவிஎம் என்று பெயர். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் ஓடும் பை-கேவிஎம் இந்த வகையில் பெயர் பெற்றது. இப்போது தீப்பெட்டி அளவில்கூட வருகிறது.

இது புதுச் சிந்தனை இல்லை. பெரிய கம்பெனிகளின் சர்வர்களுக்கு 1998இலேயே இன்டெல், எச்பி, டெல், என்இசி நான்கும் சேர்ந்து ஐபிஎம்ஐ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. சர்வருக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி. பெரியது அணைந்து கிடந்தாலும் குட்டி விழித்திருக்கும். பெரியதன் வெப்பம், மின்விசிறி, பவர் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். ஆள் இல்லாத அறையில் ஆயிரக்கணக்கான சர்வர்களை நாலு பேர் நிர்வகிப்பது இதனால்தான். அலுவலகங்களில் இருந்து கழித்துவிடும் சில இன்டெல் கணினிகளில் ஏஎம்டி என்ற பெயரில் இதே மாதிரி ஒரு வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தனிக் கருவி வாங்கும் முன் உங்கள் பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்த ஆள் என்று சொன்னேன் அல்லவா? கணினி தொடங்கும் நேரத்தில் வரும் பயாஸ் திரைக்குள்ளும் அந்த ஆள் போகலாம். டிஸ்கைத் துடைத்துவிட்டு வேறு மென்பொருளை ஏற்றலாம். நல்ல பிள்ளை கையில் அது வரம், கெட்டவன் கையில் போனால் வீடே திறந்த மாதிரி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காசு செலவழிக்கும் முன்

பாதி பேருக்குக் கருவியே தேவைப்படாது. பயாஸுக்குள் போனால், கரண்ட் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். பெரும்பாலும் 'அணைந்தே இரு' என்று வைத்திருப்பார்கள். அதை 'தானாக ஆன் ஆகு' என்று மாற்றினால் போதும். ஒரு பைசா செலவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது வேக்-ஆன்-லேன். வீட்டு வலைக்குள் இருக்கும் இன்னொரு கருவி ஒரு சின்னச் செய்தியை அனுப்பினால் தூங்கும் கணினி எழுந்துவிடும். அனுப்புகிற கருவி வீட்டில் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடுவில் தொங்கிப்போன கணினியை இது தட்டி எழுப்பாது.

சிலர் ஸ்மார்ட் பிளக் போட்டு, ஃபோனில் இருந்தே கரண்டை நிறுத்திப் போடுகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்கின் கரண்டைப் பிடுங்குவது, எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்குவது போல. வேறு வழியே இல்லாதபோது ஒரு முறை செய்யலாம், வழக்கமாக்க வேண்டாம்.

கரண்ட் ஐந்து நிமிடத்தில் நாலு முறை வந்து வந்து போனால், தானாக ஆன் ஆகும் கணினியும் நாலு முறை எழுந்து நாலு முறை விழும். அதனால் அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஈகோ போதும். கணினிக்கு யுபிஎஸ் பக்கம் வைக்க வேண்டும், இல்லையென்றால் மாறும் அந்த நொடியிலேயே கணினி அணைந்துவிடலாம்.

இதெல்லாம் செய்த பிறகும் கருவி தேவைப்படும் இடங்கள் உண்டு. புதிய மென்பொருள் ஏற்றிய பிறகு கணினி எழவே மாட்டேன் என்கிறது, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிஸ்க் முழுவதையும் பூட்டி வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கடவுச்சொல் கேட்கிறது. பெற்றோர் ஊரில் இல்லை, பெண் பிரசவத்துக்கு உதவியாகச் சென்னையில் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் கேவிஎம் அருமையான கருவி. இதுவரை எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எல்லாம் ஒரே கம்பத்தில்

கருவி வந்துவிட்டால் வீட்டில் ஆளே வேண்டாம் என்ற எண்ணத்தைத்தான் நான் ஏற்கவில்லை. எளிய கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் கேவிஎம்முக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? அதே வீட்டு லைன். இணையம் எங்கிருந்து வருகிறது? அதே ஃபைபர், அதே வைஃபை டப்பா. சர்வர் ஊமையாவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை கருவியையும் ஊமையாக்கும். வைஃபை டப்பா தொங்கிவிட்டால் கண்ணும் கையும் விரலும் வீட்டுக்குள்ளேயே சும்மா இருக்கும். பிரான்சில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2021 அக்டோபர் 4, நமக்கு இரவு 9 மணி தாண்டி, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றன. சுமார் 6 மணி நேரம். பலர் ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையையே துண்டித்துவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் அவர்கள் தனியாக ஒரு மாற்று வழி வைத்திருந்தார்கள். அன்று அதுவும் வேலை செய்யவில்லை என்று கம்பெனியே பிறகு எழுதியது. கடைசியில் பொறியாளர்களை நேரில் அனுப்பினார்கள். அந்தக் கட்டடங்களின் காவல் அவ்வளவு கெட்டி என்பதால், உள்ளே நுழைந்து இயந்திரத்தில் கை வைக்கவே நேரம் பிடித்தது.

அத்தனை பணமும் அத்தனை மூளையும் உள்ள இடத்திலேயே கடைசி மருந்து, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகும் ஒரு மனிதர்தான். செல்லிப்பட்டில் அந்த மனிதர் ஏற்கெனவே வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவரைத்தான் "தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று நாம் ஒதுக்குகிறோம்.

வெற்றுத்தாளுக்கு நூற்றுக்கு நூறு

அடுத்தது பூட்டு. இந்தக் கருவிகளின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். ஆசிரியர் புத்தி, விடைத்தாள் திருத்துவது போலத்தான் படிக்க முடிந்தது.

ஐபிஎம்ஐ என்று சொன்னேனே, அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு ஓட்டை இருப்பதை 2013இல் டான் ஃபார்மர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். உள்ளே வர விரும்புகிறவர் யார் என்று உறுதி செய்வதற்கு முன்பே, கடவுச்சொல்லைக் குழப்பி எழுதிய வடிவத்தைச் சர்வர் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கேள்வித்தாள் கட்டை முத்திரையோடு தெருவில் போகிறவரிடம் கொடுப்பது போல. வீட்டுக்கு எடுத்துப் போய் ஆற அமரப் பிரித்துக்கொள்ளலாம். இது யாரோ ஒருவரின் கவனக்குறைவால் வந்ததல்ல, விதிமுறையே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் நீளமாகவும் கடினமாகவும் இருந்தால்தான் தப்பிக்கலாம்.

இன்டெல் ஏஎம்டியில் 2017 மே மாதம் வெளியான ஓட்டை இன்னும் வேடிக்கை. நுழைகிறவர் அனுப்பும் விடையை, அவர் எத்தனை எழுத்து அனுப்பினாரோ அத்தனை எழுத்துக்கு மட்டும் அந்தக் கருவி சரிபார்த்தது. ஒன்றுமே எழுதாமல் அனுப்பினால்? பூஜ்யம் எழுத்து சரிபார்க்கப்பட்டது, பூஜ்யம் தவறு, முழு மதிப்பெண், கதவு திறந்தது! வெற்றுத்தாளுக்கு நூற்றுக்கு நூறு போட்ட வாத்தியாரை நான் பார்த்ததில்லை. பழைய அலுவலகக் கணினி வாங்கியவர்கள் அதன் பயாஸைப் புதுப்பித்தாயிற்றா என்று பாருங்கள். பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். பல கம்பெனி சர்வர்களில் இருக்கும் மெகாராக் என்ற நிர்வாக மென்பொருளின் ஓட்டை ஒன்றை, கெட்டவர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜூனில்தான் தன் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்று. மலிவு விலைக் கேவிஎம் ஒன்றில் சின்ன மைக் ஒன்று ஒட்டியிருந்ததை ஒரு ஆய்வாளர் 2025இல் எழுதினார். பல வேலைக்கும் பொதுவாகச் செய்த பலகையைத்தான் அந்தக் கருவிக்குள் வைத்திருந்தார்கள், அதனால் மைக்கும் கூடவே வந்துவிட்டது. ஒட்டுக்கேட்க வைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் என்ன பொருளை வைக்கிறோம் என்று தெரிந்துதானே வைக்க வேண்டும்? உள்ளே ஓடும் மென்பொருள் எல்லாரும் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டதா, தொடர்ந்து புதுப்பிப்பு வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. பை-கேவிஎம்மில் தொடக்கத்தில் அட்மின், அட்மின். டெல் சர்வர்களில் பல வருடம் ரூட், கால்வின். இவை உலகத்துக்கே தெரிந்த சொற்கள்.

இரண்டாவது வேலை, செய்யக் கூடாத ஒரு வேலை. ரவுட்டரில் கதவைத் திறந்துவிட்டு இந்தக் கருவியை நேராக இணையத்தில் காட்டாதீர்கள். எக்காரணத்துக்கும் வேண்டாம். வயர்கார்டு, டெய்ல்ஸ்கேல் போன்ற ஒரு தனிப்பாதை வழியாக மட்டும் உள்ளே வாருங்கள். நம் வீட்டு இணைப்புகளில் பலவும் இன்று பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி என்ற முறையில் வருகின்றன. கதவைத் திறக்க நினைத்தாலும் திறக்காது. அதைக் குறை என்று நினைத்து வேறு குறுக்கு வழி தேடாதீர்கள். எப்படி என்று தெரியாதவர்கள் விழுப்புரம் ஜிலக், புதுச்சேரி எஃப்.எஸ்.எச்.எம். போன்ற கட்டற்ற மென்பொருள் குழுக்களிடம் கேளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள்தான், முகம் சுளிக்காமல் சொல்லித்தருவார்கள்.

வீடூர் அணையைப் பாருங்கள்

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இனி சொல்லப்போவதுதான் என் மனதில் இருப்பது.

நம் சங்கராபரணி ஆற்றில் மேலே வீடூர் அணை இருக்கிறது. மதகு அங்கே, விழுப்புரம் மாவட்டத்தில். தண்ணீர் வருவது நமக்கு. மதகைத் திறக்கிறவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவரைத் தெரியாது. ஆனாலும் திறக்கும் முன் ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை வருகிறது. ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொள்கிறோம், மோட்டாரைக் கழற்றிக்கொள்கிறோம். தூரத்தில் இருக்கிற கைக்கு அதிகாரம் இருக்கலாம், சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும் என்பது ஆற்று நியாயம்.

அந்த நியாயம் வீட்டுக்குள் ஏன் இல்லை? உறவு வீடுகளிலும் மாணவர் வீடுகளிலும் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். விடுமுறைக்குப் பிள்ளை வருகிறான். நாலு நாளில் நாலு பெட்டி மாட்டுகிறான். வாசலில் கேமரா, கூடத்தில் சர்வர், பக்கத்தில் அந்தக் கருவி. "இதுல கை வைக்காதீங்கம்மா" என்று ஒரு வரியோடு விமானம் ஏறிவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த அம்மா பெருக்கும்போதுகூட அந்த மூலையைத் தொடுவதில்லை. நள்ளிரவில் ஒரு பெட்டி தானாக விளக்கெரிந்து ஓடத் தொடங்கினால், யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று தெரியாமல் படுத்திருக்கிறார். தன் வீட்டிலேயே கை வைக்கக் கூடாத இடம் ஒன்று அவருக்கு வந்துவிட்டது.

அதே கணினியில் டிவியை இணைத்து அப்பா படம் பார்க்கிறார், வங்கிக் கணக்குப் பார்க்கிறார் என்றால், கேவிஎம் மாட்டிய பிறகு அந்தத் திரையில் வருவது எல்லாம் பிள்ளைக்கும் தெரியும். கெட்ட எண்ணம் இல்லை, சரி. அப்பாவுக்கு இது தெரியுமா? தெரிந்து சரி என்றாரா? பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும் கேட்டுவிட்டுத்தானே அப்பாவின் பீரோவைத் திறப்போம்?

"அம்மாவுக்குப் புரியாது டீச்சர்" என்ற பதில் எனக்கு அடிக்கடி வருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்னது, தெரிந்ததில் இருந்து தெரியாததற்குப் போ, கண்ணால் காட்டிக் கையால் செய்யவிடு என்பதுதான். 'அ' எழுத வராத பிள்ளையை மணலில் விரலால் எழுத வைத்தோம். அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் இன்று சர்வர் மாட்டுகிறீர்கள்! குக்கர் விசில் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் அம்மாவுக்கு, மூன்று விளக்கின் நிறம் புரியாதா? மின்மோட்டாரில் எந்த ஃபேஸ் இல்லை என்று சத்தத்தில் கண்டுபிடிக்கும் அப்பாவுக்கு, இரண்டு ஒயர் புரியாதா?

புரியாது என்று நாம் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம், சொல்லிக்கொடுக்க நமக்கு நேரமில்லை என்பதுதான். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் வேலையும் ஓட்டமும் எனக்குத் தெரியும். ஆனால் கருவி மாட்ட இரண்டு நாள் செலவழிக்கிறவர், சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் செலவழிக்கலாம்.

பாடம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

1. வீட்டில் இருப்பவரை உட்கார வைத்து, ஒவ்வொரு பெட்டியும் என்ன, உள்ளே யாருடைய பொருள் இருக்கிறது என்று அவருடைய மொழியில் சொல்லுங்கள். "இது நம்ம போட்டோ பொட்டி. இது நான் தூரத்திலிருந்து பாக்கற கண்ணு."

2. ஒவ்வொரு ஒயரிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். படங்கள், கண், வைஃபை என்று போதும். நிறத்தில் நாடா சுற்றினால் இன்னும் நல்லது.

3. ஒரு தாளில் பெரிய எழுத்தில் நாலே வரி. விளக்கு பச்சையாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். சிவப்பாக இருந்தால் வைஃபை டப்பாவை அணைத்துப் போடு. அதற்கும் சரியாகவில்லை என்றால் இந்தப் பொத்தானை ஒரு முறை அமுக்கு. அமுக்கியதும் எனக்குச் செய்தி அனுப்பு. உங்கள் வீட்டுப் பெட்டிகளின் விளக்குக்கு ஏற்ப மாற்றி எழுதி, சுவரில் ஒட்டிவிடுங்கள்.

4. சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே வேண்டுமென்று அணைத்துவிட்டு, அவரையே எழுப்பச் சொல்லுங்கள். இரண்டு முறை. கை பழகினால் பயம் போகும்.

5. தூரத்தில் இருந்து உள்ளே வரும் முன் ஒரு வரி அனுப்புங்கள். "அம்மா, பொட்டியைப் பாக்கப் போறேன், பத்து நிமிஷம்." அவ்வளவுதான் மரியாதை.

6. கருவியின் ஒயரைப் பிடுங்கும் உரிமை வீட்டில் இருப்பவருக்கு உண்டு என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். கேவிஎம்மின் ஒயரைக் கழற்றினால் சர்வருக்கு ஒன்றும் ஆகாது. வேலை இல்லாத நாளில் கழற்றியே வைத்தாலும் தவறில்லை. தேவைப்படும்போது மாட்டச் சொல்லலாம். கதவை எப்போதும் திறந்து வைக்க வேண்டும் என்று சட்டமா?

7. கடவுச்சொற்களை ஒரு உறையில் எழுதி ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துப் படங்கள் பூட்டிய பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. முக்கியமானவற்றின் இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்துவிட்டால் நீங்கள் வாங்கும் கருவி உண்மையிலேயே பயன்படும். அப்பா மருத்துவமனையில் இருக்கும் நாளில், அம்மா ஊருக்குப் போன நாளில், அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மற்ற நாளில் வீட்டில் ஒருவர் சாவி வைத்திருக்கிறார். இரண்டும் இருந்தால்தான் அமைப்பு முழுமை. ஃபேஸ்புக்காரர்களும் அன்று 6 மணி நேரம் கழித்துப் படித்த பாடம் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கணினி நின்றுபோனால் அப்பாவுக்கு ஒரு அழைப்பு வருகிறது. "அப்பா, அந்தப் பொத்தானைக் கொஞ்சம் அமுக்குங்க" என்று கேட்டுவிட்டு, அப்படியே முட்டி வலி எப்படி, மழை பெய்ததா என்று பத்து நிமிடம் பேச்சு ஓடும். இனி எல்லாவற்றையும் கருவியே செய்துவிட்டால் அந்தப் பத்து நிமிடம் எங்கே போகும்? தொந்தரவு என்று நாம் நினைப்பது பல வீடுகளில் எதிர்பார்ப்பு. எங்கள் வீட்டுக்காரர் சர்வர் விளக்கைப் பார்த்துவிட்டு "எல்லாம் பச்சை" என்று தினமும் மகனுக்குச் செய்தி அனுப்புகிறார். கேட்காமலே அனுப்புகிறார். ஓய்வு பெற்ற பிறகு வந்த புது உத்தியோகம் என்று அவருக்கு அதில் ஒரு பெருமை.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் மாட்டிவிட்டுப் போனதை நினைத்துப் பயப்படாதீர்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது "இது என்ன, எப்படி அணைப்பது, யார் பார்க்கிறார்கள்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் வீடு, நம் கரண்ட், கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேள்வி கேட்ட மாணவருக்கு: தம்பி, பெட்டியை வாங்கு. பயாஸை முதலில் மாற்று, கடவுச்சொல்லை மாற்று, தனிப்பாதை போடு. அடுத்த லீவில் வரும்போது அப்பாவுக்குப் பாடம் எடு. அவர் நன்றாகப் படிப்பார், எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு முறைகூட வராமல் இருந்ததில்லை அவர்.

உங்கள் வீட்டில் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கியவரை நான் உட்காரச் சொன்னதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செல்லிப்பட்டு.